நீலவெளிச்சம்: பேயோடு ஒரு வாடகைக் குடித்தனம்

கேரள எல்லையில் தமிழ் பேசுகிற ஊரான கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் படிக்கப் போய்வரும் ஒரு தம்பியின் கேள்வி இது: "அண்ணா, சிறுகதையிலருந்து எடுத்த, சமீபத்துல வந்த, ஆனா யாருமே கண்டுக்காத பேய்ப்படம் ஒண்ணு சொல்லுங்க. மலையாளமா இருந்தாலும் பரவால்ல. நெசமாலுமே பயமா இருக்குமா? எங்க அமுச்சியோட உக்காந்து பாக்கலாமா?" (அமுச்சி என்றால் அம்மாவின் அம்மா.)

தம்பி, முதலில் ஒன்றைத் தள்ளி வைத்துவிடுகிறேன். சிறுகதையிலிருந்து வந்த மலையாளத் திகில் படம் என்றதும் ஆளாளுக்கு லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'சுருளி'யைச் சொல்வார்கள். கம்பம் பக்கத்துச் சுருளி இல்லை. இடுக்கிக் காட்டுக்குள் கற்பனையாக ஒரு ஊர். மூலம் வினோய் தாமஸின் சிறுகதை. 2021-இல் ஓடிடியில் வந்தபோது அதிலிருக்கும் கெட்டவார்த்தைகளுக்காக உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். நல்ல படம்தான். ஆனால் கோர்ட் வரை போன படத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று எப்படிச் சொல்வது? அமுச்சியோடு பார்க்கிற பேச்சே வேண்டாம்.

நான் சொல்வது 'நீலவெளிச்சம்'. 2023 ஏப்ரல் 20-இல் தியேட்டருக்கு வந்தது. இயக்கம் ஆஷிக் அபு. டொவினோ தாமஸ், ரீமா கல்லிங்கல், ரோஷன் மாத்யூ, ஷைன் டாம் சாக்கோ நடித்தது. மூலக்கதை மலையாள எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீர் எழுதியது, பெயரும் அதேதான்.

வந்த நேரம் சரியில்லை. மறு வெள்ளிக்கிழமையே 'பொன்னியின் செல்வன் 2' வந்துவிட்டது. நம்ம பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் அந்த வாரம் யார் மலையாளப் படம் தேடிப் போயிருப்பார்கள்? அதற்கும் அடுத்த வாரம், மே 5-ஆம் தேதி, '2018' வந்தது. கேரள வெள்ளத்தைப் பற்றிய அந்தப் படத்திலும் டொவினோதான். அந்த வெள்ளத்தில் இது அடித்துக்கொண்டு போய்விட்டது. நேரத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. திடுக்கிட வைக்கும் என்று நம்பிப் போனவர்களுக்கு இதில் திடுக் இல்லை. இதே கதையை வைத்து 1964-இல் வந்த படத்தின் பாட்டுகளுக்காகப் போனவர்கள் பழைய குரல்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்கள். ஒரு ஆள், ஒரு வீடு, கண்ணுக்குத் தெரியாத ஒருத்தி என்ற நடுக்கதை இரண்டு பேருக்குமே எட்டவில்லை.

அந்த நடுக்கதைதான் பஷீரின் சிறுகதை. சில பக்கம்தான் இருக்கும். எழுத்தாளன் ஒருவன் தங்குவதற்கு வீடு தேடுகிறான். பழைய மாடி வீடு ஒன்று கிடைக்கிறது, வளாகத்தில் ஒரு கிணறு. வாடகையை முன்பணமாகக் கட்டி, பெட்டி படுக்கையை இறக்கிய பிறகுதான் ஊர்க்காரர்கள் வாயைத் திறக்கிறார்கள். அந்தக் கிணற்றில் பார்கவி என்றொரு பெண் விழுந்து செத்திருக்கிறாள். பி.ஏ. படித்தவள். அவள் காதலித்தவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் நிலைத்ததில்லை.

ஆனாலும் பஷீரின் ஆள் ஓடுவதில்லை. வீரன் என்பதற்காக இல்லை. கொடுத்த முன்பணம் கைக்கு வராது, போக வேறு இடமும் கிடையாது. வேறு வழியில்லாமல் பார்கவியோடு பேச ஆரம்பிக்கிறான். நான் இன்னார், எனக்கு உன் விஷயம் தெரியாது, தெரியாமல்தான் வந்துவிட்டேன், காசில்லாதவன், என்னைக் கழுத்தை நெரிக்காதே என்கிற ரீதியில் போகிறது பேச்சு. கெஞ்சலும் கிண்டலும் கலந்து கிடக்கும். வெளியே கிளம்பும்போது சொல்லிக்கொண்டு போகிறான். இசைத்தட்டு போட்டுவிட்டு அவளும் கேட்கட்டும் என்று விடுகிறான். அவளிடமிருந்து ஒரு பதிலும் வராது. ஒரு தடவைகூடக் கண்ணில் படமாட்டாள்.

ஒரு பெண் அகாலத்தில் செத்தால் என்ன செய்வது என்பதற்கு எல்லையில் குடியிருக்கிற நமக்கு இரண்டு வழக்கம் தெரியும். மலையாளத்து யட்சிக் கதைகளில் மந்திரவாதி வருவான், மரத்தில் ஆணி அடித்து அவளைக் கட்டிப்போடுவான். அவளை அடக்கியாக வேண்டும். தமிழ் வீடுகளில் அவளைக் கன்னியாக்கி, வீட்டுச்சாமியாக்கி, வருசா வருசம் சேலை வைத்துக் கும்பிடுவார்கள். அவளைக் குளிர வைத்தாக வேண்டும். ஆணியோ சேலையோ, இரண்டிலுமே அவளுக்கு ஒரு இடம் ஒதுக்கிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். பஷீர் இந்த இரண்டு வேலையையும் செய்யவில்லை. அவளை ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற இன்னொரு ஆளாக வைத்துக்கொண்டார். அதனால்தான் அந்தக் கதையில் பயம் தீர்வதும் இல்லை, முற்றுவதும் இல்லை. கூடவே குடியிருக்கிறது. இந்தியாவில் எழுதப்பட்ட பேய்க்கதைகளில் இதற்கு இணையாக ஒன்றை நான் படித்ததில்லை.

கிணற்றையும் கொஞ்சம் யோசிக்கணும். நம்ம தோட்டத்துக் கிணறு அகலமானது, தென்னைக்குத் தண்ணி பாய்ச்ச வெட்டியது, பெரும்பாலும் வீட்டை விட்டுத் தள்ளி இருக்கும். அதில் யாராவது விழுந்து செத்தால் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிடலாம். மலையாள வீட்டுக் கிணறு அப்படி இல்லை. வீட்டோடு ஒட்டி, இடுப்பளவு கைப்பிடிச்சுவர், கப்பி, கயிறு, வாளி. முகம் கழுவ, குளிக்க, சோறாக்க எல்லாத்துக்கும் அதே தண்ணிதான். அந்த வீட்டில் இருந்துகொண்டு அந்தக் கிணற்றை விட்டு விலகவே முடியாது. படத்தில் கேமரா கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் இது நினைவிலிருந்தால் வேறு மாதிரிப் பிடித்துக்கொள்ளும்.

கதையின் முடிவைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரு ராத்திரி எழுதிக்கொண்டிருக்கிறான். விளக்கில் சீமெண்ணெய் தீர்ந்துபோகிறது. வாங்கி வருவதற்காக நண்பர்கள் இருக்கிற இடத்துக்குப் போகிறான். அங்கே கொஞ்ச நேரம் பிடிக்கிறது, மழை வேறு. திரும்பி வந்து பார்த்தால் இருட்டாக இருக்கவேண்டிய அறைக்குள் நீல வெளிச்சம். எண்ணெய் தீர்ந்து அணைந்த விளக்கு நீலச் சுடரோடு எரிந்துகொண்டிருக்கிறது. யார் கொளுத்தியது, எங்கிருந்து வந்தது இந்த வெளிச்சம் என்கிற கேள்வியோடு கதை நின்றுவிடுகிறது.

லாந்தர் வைத்துப் படித்த தலைமுறைக்கு இதன் கனம் சட்டென்று புரியும். திரி விளக்கில் சீமெண்ணெய் மஞ்சளாகத்தான் எரியும். முழுசாக எரியாத கரித்துகள் சூடேறி ஒளிர்வதால் வரும் மஞ்சள் அது. காற்று சரியாகக் கலந்து முழுசாக எரிந்தால்தான் நீலம் வரும்; பம்பு ஸ்டவ்வில் பார்க்கிறோமே, அது. எண்ணெய் வற்றிய லாந்தரில் திரிதான் கருகும், சிவப்பாகக் கனிந்து, புகைந்து, அணையும். நீலத்துக்கு அங்கே வழியே கிடையாது. கதைக்குள் பஷீர் வைத்திருக்கிற ஒரே அமானுஷ்யம் இந்த ஒரு சுடர்தான். சங்கிலிச் சத்தம், வெள்ளைச் சேலை, ஊளை என்று எதுவும் கிடையாது. அவன் அவளுக்கு இசைத்தட்டு போட்டான், அவள் அவனுக்கு விளக்கேற்றி வைத்தாள் என்று நாமாக எண்ணிக்கொள்ளலாம். பஷீர் அதைக்கூடச் சொல்லவில்லை.

இனி படத்தின் பிரச்சினைக்கு வருகிறேன். 2023-இல் எடுத்தவர்கள் கையில் வைத்திருந்தது இந்தச் சில பக்கக் கதை அல்ல, 1964-இல் வந்த 'பார்கவி நிலையம்' படத்தின் திரைக்கதை. அதை எழுதியவரும் பஷீர்தான். சில பக்கத்தை முழுநீளப் படமாக்க வேண்டி வந்தபோது பார்கவிக்கு ஒரு முகம், பக்கத்து வீட்டில் பாடுகிற ஒரு காதலன், அவர்களுக்கு நடுவில் ஒரு வில்லன் எல்லாம் சேர்ந்தது. முக்கியமாக, தற்கொலை கொலையானது. சிறுகதையில் பார்கவி ஏமாற்றப்பட்டவள், அவ்வளவுதான். அவளுக்கு நியாயம் கிடைப்பதில்லை, துணைதான் கிடைக்கிறது. திரைக்கதையில் எழுத்தாளன் துப்பறிவாளனாகி, நடந்ததைத் தோண்டி எடுக்கிறான். கொன்றவன் யார் என்பதை இங்கே எழுதவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். முன்பாதியில் பேய், பின்பாதியில் ஃப்ளாஷ்பேக், கடைசியில் கணக்குத் தீர்ப்பது என்று நாம் 'காஞ்சனா' வரை பார்த்துச் சலித்த சட்டகம் அந்தப் படத்திலேயே தயாராக இருக்கிறது. நல்ல கதையைச் சினிமாக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று புலம்பவும் முடியாது, கெடுத்தவர் எழுத்தாளரேதான்!

ஆனால் 1964 படத்தை மட்டமாக நினைத்துவிடாதீர்கள். மலையாளத்தின் முதல் பேய்ப்படம் என்று அதைத்தான் சொல்வார்கள். இன்றைக்கும் பாழடைந்த வீட்டைப் பார்த்தால் பாலக்காட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை 'பார்கவி நிலையம்' என்றுதான் பேர் வைப்பார்கள். எழுத்தாளராக மது, காதலனாகப் பிரேம் நசீர். மது தனியாளாக அந்த வீட்டுக்குள் பேசிக்கொண்டே சுற்றுகிற முதல் பகுதிக்கு இப்போதும் ஒரு குறை சொல்ல முடியாது.

அந்தப் படத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பது நம்ம பக்கத்தில் பலருக்குத் தெரியாது. இயக்கிய ஏ. வின்சென்ட் ஒளிப்பதிவாளர், ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' எல்லாம் அவர் கேமராதான். இயக்குநராக 'பார்கவி நிலையம்'தான் அவருக்கு முதல் படம். அதே 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'க்கும் அவர்தான் ஒளிப்பதிவு. பாலையாவை உட்கார வைத்து நாகேஷ் திகில் கதை சொல்லும் காட்சியை யாராலும் மறக்க முடியாது. திகிலை வைத்து ஊரையே சிரிக்க வைத்த படத்துக்குக் கேமரா பிடித்தவர், அதே வருசத்தில் கேரளத்தை ராத்திரி வெளியே வர யோசிக்க வைத்திருக்கிறார். பார்கவியாக வந்த விஜய நிர்மலா யாரென்று அமுச்சியிடம் கேளுங்கள். 'பணமா பாசமா'வில் 'எலந்தப் பழம்' பாட்டுக்கு ஆடியவர் என்று எடுத்துக்கொடுத்தால் போதும், பாட்டையே பாடிக் காட்டுவார். 2023 படத்துக்கு ஒளிப்பதிவு செய்த கிரீஷ் கங்காதரனும் அதற்கு முந்தைய வருசம் வந்த கமலின் 'விக்ரம்' படத்துக்குக் கேமரா பிடித்தவர். அறுபது வருசம் கழித்தும் அந்த வீட்டுக்குள் விளக்குப் பிடிக்கப் போனது நமக்குத் தெரிந்த ஆட்கள்தான்.

விளக்கு என்றதும் நிறத்தைச் சொல்லியாக வேண்டும். 1964 படம் கறுப்பு வெள்ளை. நீலத்தை நம்பி நிற்கிற கதையை நீலமே தெரியாத பிலிமில் எடுத்தார்கள். இருட்டும் வெளிச்சமும் வைத்து வின்சென்ட் சமாளித்தார், பிரமாதமாகவே சமாளித்தார். ஆனால் அந்தச் சுடரின் நிறத்தைப் பார்வையாளன் மனசுக்குள் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 2023 படம் சிறுகதையின் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டதற்கு இதைவிட நல்ல நியாயம் இருக்க முடியாது. இப்போது நீலத்தைக் காட்டலாம். காட்டியும் இருக்கிறார்கள், ஆனால் கொஞ்சம் தாராளமாக. நிலா வெளிச்சத்துக்கும் நீலம், இரவுக்கும் நீலம் என்று போய்விட்டதால், அந்தச் சுடர் வரும்போது கண் ஏற்கெனவே பழகிப்போயிருக்கிறது. எனக்கு இந்தப் படத்தின் மேல் இருக்கிற பெரிய மனக்குறை இதுதான். படம் முழுக்க லாந்தரின் மஞ்சளையே வைத்திருந்து, ஒரே ஒரு இடத்துக்காக நீலத்தைச் சேமித்து வைத்திருக்கலாம்.

இன்னொரு மனக்குறை, பார்கவியைக் காட்டியது. இரண்டு படத்திலும் அவள் திரைக்கு வந்துவிடுகிறாள். ரீமா நன்றாகவே செய்திருக்கிறார், குறை அவரிடம் இல்லை. பஷீரின் இன்னொரு கதையான 'மதில்கள்' 1990-இல் அடூர் கோபாலகிருஷ்ணன் கையில் படமானபோது என்ன நடந்தது பாருங்கள். ஜெயில் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாராயணியை அவர் ஒரு காட்சியில்கூடக் காட்டவில்லை. கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டும்தான். இந்தப் பக்கம் மம்மூட்டி அந்தக் குரலை நம்பிக் காதலிக்கிறார், பார்க்கிற நாமும் நம்புகிறோம். அந்தத் துணிச்சலை இந்தப் பேய்க்கதையின் இரண்டு படத்திலும் யாரும் செய்து பார்க்கவில்லை. வணிகப் படத்தில் நாயகியைக் காட்டாமல் இருக்க முடியாது என்பார்கள். அதுவும் உண்மைதான்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், ஃப்ளாஷ்பேக் தொடங்குகிற வரை இருக்கிற பகுதிக்காக. டொவினோ மாதிரி உடம்பும் முகமும் உள்ள ஒரு நட்சத்திரம், எதிரே ஆளே இல்லாமல், காலி அறைகளைப் பார்த்துப் பேசிக்கொண்டு, பெருக்கிக்கொண்டு, எழுதிக்கொண்டு, ஒருத்தியின் கோபத்துக்கு இடம் விட்டு நடந்துகொள்வதை அவ்வளவு நேரம் ஒரு பெரிய படத்தில் பார்க்கவே கிடைக்காது. அவர் வீட்டுக்குள் நுழையும்போது கதவைத் திறக்கிற விதத்தைக் கவனியுங்கள், அனுமதி கேட்டுத் திறப்பது மாதிரி இருக்கும். பின்பாதியில் பாட்டும் காதலும் வந்தபிறகு படம் அழகாக இருக்கிறது, ஆனால் பயம் கிளம்பிப் போய்விடுகிறது.

வசனம் நாடகம் மாதிரி இருக்கிறது என்று மலையாளிகள் பலர் அலுத்துக்கொண்டார்கள். அறுபதுகளில் எழுதிய வசனத்தை இப்போதைய நடிகர்கள் பேசினால் அவர்கள் காதுக்கு அப்படித்தான் கேட்கும். நமக்கு இது ஒரு வசதி. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம் என்று வாழ்கிற நம்ம ஆட்களுக்கு இப்போதைய கொச்சி மலையாளப் படங்களின் வேகப்பேச்சு பாதி தப்பிப்போகும். இதில் ஒவ்வொரு வார்த்தையும் நிறுத்தி, நிதானமாக, முழுசாக வருகிறது. சப்டைட்டில் இல்லாமலேயே ஓட்டலாம்.

பாட்டைப் பற்றி ரெண்டு வரி. 1964-இல் எம்.எஸ். பாபுராஜ் இசையில், பி. பாஸ்கரன் எழுத்தில் வந்த அதே பாட்டுகளைத்தான் பிஜிபாலும் ரெக்ஸ் விஜயனும் புதுசாக அமைத்திருக்கிறார்கள். 'தாமசமெந்தே வருவான்' யேசுதாஸ் குரலில் கேட்டு வளர்ந்த ஆட்களுக்கு எது கொடுத்தாலும் போதாது. பழசைக் கேட்காதவர் என்றால் புதுசே உங்களுக்குப் போதும்.

பயமா இருக்குமா என்றால், தியேட்டரில் கத்துகிற பயம் இல்லை. ராத்திரி கரண்ட் போனால் இரண்டு நிமிசம் கூடுதலாக யோசிக்கிற பயம். அமுச்சியோடு தாராளமாகப் பார்க்கலாம். ரத்தக்களரி கிடையாது, முகம் திருப்ப வேண்டிய காட்சியும் கிடையாது. பழைய விளக்கும் பழைய வீடும் அவருக்குத்தான் உங்களைவிட நன்றாகப் பிடிக்கும். அமேசான் பிரைமில் வந்த படம் அது. முடிந்தால் கதையை முதலில் படித்துவிடுங்கள். பஷீரைத் தமிழில் கொண்டுவந்தவர்கள் நிறையப் பேர், குளச்சல் மு. யூசுப், சுகுமாரன் இரண்டு பேரின் மொழிபெயர்ப்பையும் நம்பி எடுக்கலாம். கதை, 1964 படம், பிறகு 2023 படம் என்கிற வரிசையில் போனால் ஒவ்வொன்றிலும் என்ன கூடியது, என்ன கழன்றது என்று தெரியும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் கதையும் 2023 படத்தின் முன்பாதியும் போதும். ஒன்று மட்டும், பகலில் போனில் பார்க்காதீர்கள். பாதிப் படம் இருட்டுக்குள் நடக்கிறது, வெயில் வெளிச்சத்தில் உங்கள் முகம்தான் திரையில் தெரியும்.